குழாயைத் திறந்துவிடும் பிள்ளை

அக்டோபர் 6, திங்கள்

டெல்பி தூங்கிவிட்டாள். துணி மடித்தாயிற்று, நாளைக்கு உளுந்து ஊறப்போட்டாயிற்று. இந்த நோட்டில் கடைசியாக எழுதியது ஜூன் மாதம். நடுவில் கிடக்கும் வெள்ளைத் தாள்களைத் திருப்பிவிட்டு இங்கிருந்து தொடங்குகிறேன்.

இன்று பள்ளி விட்டதும் பிரிஸ்கா டீச்சர் என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார். இடைவேளையில் ஹாஜிரா என்ற பிள்ளை படியில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டதாம். எல்லாப் பிள்ளைகளும் அவளைச் சுற்றி நிற்க, டெல்பி மட்டும் நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருக்கிறாள். கை கழுவவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்தில் சும்மா நின்றிருக்கிறாள். இது மூன்றாவது தடவை. யார் அழுதாலும் குழாயைத் திறக்கிறாள். போன வாரம் ஒரு தொட்டித் தண்ணீர் போனதாம். தூத்துக்குடியில் ஒரு தொட்டித் தண்ணீர் என்றால் சும்மாவா.

திட்டுவார் என்று நினைத்தேன். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதுதான் பயமாக இருந்தது.

"கோவத்துல சொல்லல லீமா. பக்கத்துப் பிள்ளைக்கு வலிக்குதுன்னு இவளுக்குத் தெரியலையோன்னு தோணுது. மொகத்துல ஒண்ணுமே இல்ல. ஒரு தடவ காட்டிருங்க."

பிள்ளைகளின் மனவளர்ச்சியைப் பார்த்து எழுதித் தரும் மையம் ஒன்று இருக்கிறதாம். அங்கிருந்து மாத முடிவுக்குள் தாள் வாங்கி வந்தால்தான் அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு இங்கேயே எடுப்பார்களாம். இல்லையென்றால் சிறப்புப் பள்ளி பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன், ஏன் குழாயைத் திறந்தாய் என்று. "சும்மா," என்றாள். காக்கை ஒன்றைப் பார்த்துக் கையசைத்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

கீழ்வீட்டு ஸ்டெல்லா மதினி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கிளாட்சனின் அக்கா. மேலேயும் கீழேயும் ஒரே டேங்க். மூன்று நாளாகப் பத்து மணிக்கே காலியாகிவிடுகிறதாம். "மேல என்னட்டி, கப்பலா கழுவுத?" என்றார். துணி அதிகம் என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

சாம்பார் அடிப்பிடித்தது. காரணம் போன். மூளையைப் பற்றிப் படித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று நாம் யோசிக்கும்போது மூளையில் சில இடங்கள் சேர்ந்து விழித்துக்கொள்ளுமாம். அவற்றில் ஒன்று வலது காதுக்கு மேலே, கொஞ்சம் பின்தள்ளி. நான்கு வயது வாக்கில்தான் பிள்ளைக்குப் பிடிபடுமாம், தனக்குத் தெரிந்தது வேறு, மற்றவருக்குத் தெரிந்தது வேறு என்று. டெல்பிக்கு டிசம்பரில் ஐந்து முடிகிறது.

கல்லூரியில் கரப்பான்பூச்சியை அறுத்து நரம்பு வடத்தை எடுத்திருக்கிறேன். வெள்ளையாக, மெழுகுத் தட்டில் ஒரு நூல் மாதிரிக் கிடக்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவோம். அதில் எங்கேயும் மற்ற கரப்பான்பூச்சிக்கு என்று ஒரு இடம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

எண்ணெய் தேய்க்கும்போது டெல்பியின் வலது காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அவள் கூச்சத்தில் தோளைத் தூக்கிச் சிரித்தாள்.

மத்தியானம் கண் அயர்ந்தபோது ஒரு கனவு. உப்பளம். எல்லாப் பாத்தியிலும் தண்ணீர் கட்டி நிற்கிறது, ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒரு முகம். பிரிஸ்கா டீச்சர் ஒன்றில், மதினி ஒன்றில், தூரத்தில் வெளிச்சத்தில் கரைந்தாற்போல் கிளாட்சன். யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். டெல்பி வரப்பின்மேல் நடந்துவந்து குதிகாலால் மண்ணைத் தள்ளி ஒரு மடையைத் திறக்கிறாள். தண்ணீர் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குச் சத்தமில்லாமல் ஓடுகிறது.

விழித்தபோது உதடு உப்புக் கரித்தது. அவ்வளவு நிஜமான கனவு.

அக்டோபர் 11, சனி

மையத்துக்குப் போய்வந்தோம். பார்த்தவர் செண்பகவல்லி, கோவில்பட்டிப் பெண். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என்னை உட்காரவைத்து, அந்தப் பக்கம் தரையில் பாய் விரித்து டெல்பியோடு உட்கார்ந்தாள். பேசுவது கேட்டது.

டெல்பி கட்டைகள் அடுக்கினாள், நிறம் சொன்னாள், கதை சொன்னாள், எல்லாம் சரி. பிறகு அந்தப் பெண் ஒரு நீல வட்ட டின்னை எடுத்தாள். மூடியில் வெண்ணெய் பிஸ்கட் படம்.

"இதுக்குள்ள என்ன இருக்கும், டெல்பி?"

"நூலு."

கிளாட்சன் கப்பலிலிருந்து கொண்டுவரும் டின்கள்தான் எங்கள் வீட்டுச் சமையலறை முழுக்க. இந்த நீல டின்னில் நூலும் ஊசியும். சாக்லேட் டின்னில் மிளகாய் வத்தல். பால்பவுடர் டின்னில் கறுப்பட்டி. எந்த டின்னிலும் அதன்மேல் எழுதியிருப்பது இருக்காது. என் பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்க்கிறாள்.

டின்னைத் திறந்தால் கலர் பென்சில். மறுபடி மூடிவிட்டுச் செண்பகவல்லி கேட்டாள், உன் சிநேகிதி ஹாஜிரா இதைத் திறந்து பார்த்ததில்லை, அவள் உள்ளே என்ன இருக்கிறதென்று நினைப்பாள் என்று. டெல்பி ரொம்ப நேரம் யோசித்தாள்.

"அவ வீட்டுல அதுல என்ன போட்டு வச்சிருக்காவளோ, எனக்குத் தெரியாதுல்லா."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தாளில் ஏதோ எழுதினாள். அது இரக்கச் சிரிப்பு, எனக்குத் தெரியும். வெளியே வந்து அடுத்த சனிக்கிழமை வரச்சொன்னாள். எங்கள் டின்களைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். படித்த பெண்ணிடம் கறுப்பட்டியையும் வத்தலையும் எப்படிச் சொல்வது, வாய் வரவில்லை.

ஆட்டோவில் டெல்பியைத் திட்டினேன், பிஸ்கட் படம் தெரியவில்லையா என்று. "படம் பிஸ்கட்டு, உள்ள நூலு," என்றாள் பொறுமையாக, எனக்குப் பாடம் எடுப்பதுபோல.

அக்டோபர் 13, திங்கள்

கிளாட்சனிடமிருந்து குரல்செய்தி. கப்பல் டர்பன் துறைமுகம் தாண்டிவிட்டதாம். கடல் அமைதி. சமையற்காரர் புதுசு, ரசம் வைக்கத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஷூ வாங்கியிருக்கிறாராம், அளவு சரியா என்று கேட்கிறார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. மூன்று தடவை போட்டுக் கேட்டேன். எதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ அதைப் பற்றி இல்லை. எதைப் பற்றி என்று இங்கே எழுதப்போவதில்லை.

பள்ளி விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. ஷூ அளவு சரி என்று அனுப்பினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

வெக்கை. இரண்டு தடவை குளித்தேன்.

அக்டோபர் 15, புதன்

மூன்று தடவை. டேங்க் காலி. மதினி இப்போது சத்தம் போடுவதில்லை. நான் படியிறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அக்டோபர் 17, வெள்ளி

முதல் மழை. மத்தியானமே இருட்டிவிட்டது. பள்ளி சீக்கிரம் விட்டார்கள். தெருவெல்லாம் சாம்பல் நிறத்தில், ஏதோ பழைய படத்துக்குள் நடப்பதுபோல நாங்கள் இருவரும் ஒரே குடைக்குள் வந்தோம். டெல்பிக்குச் சோறு கொடுத்தேன். பிறகு குளிக்கப் போனேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. டேங்கில் தண்ணீர் இல்லை. என்னால் உடனே நிறுத்த முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினேன். அப்படியும் கேட்டிருக்கும்.

அப்போது கதவுக்கு வெளியே டங் டங்கென்று சத்தம். டெல்பி. தட்டில் கரண்டியால் அடிக்கிறாள். விட்டுவிட்டு இல்லை, நிறுத்தாமல், கை வலிக்க வலிக்க. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து, ஏன் தட்டுகிறாய் என்று கத்தினேன். தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி நின்னுட்டும்மா. கீழ அத்தைக்குக் கேட்டுரும்லா."

அதற்குப் பிறகு மழையை வேடிக்கை பார்த்தோம். தோசை ஊற்றினேன். அவள் நான்கு சாப்பிட்டாள்.

இன்றைக்கு இது போதும்.

அக்டோபர் 18, சனி

மையத்துக்குப் போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அதை நான் போய்ச் சொன்னால் போதும். ஆனால் டெல்பி குழாயைத் திறப்பது ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால், நான் திறப்பது ஏன் என்று முதலில் சொல்ல வேண்டும். செண்பகவல்லி அதைத் தாளில் எழுதுவாள். பள்ளியில் படிப்பார்கள். மதினிக்குத் தெரியவரும். கிளாட்சன் வந்து படிப்பார். பிள்ளைக்குக் குறையில்லை, பெற்றவளுக்குத்தான் என்று நாலு பேர் பேசுவார்கள்.

பேசாமல் இருந்தால்? என் பிள்ளைக்கு அடுத்தவர் வலி தெரியாது என்று ஒரு தாள் எழுதப்படும். அந்தத் தாள் அவளோடு பள்ளி பள்ளியாகப் போகும்.

சரி, எழுதிவிடுகிறேன். ஜூலை 22. ஐந்தாம் மாதம். பையன் என்றார்கள். துடிப்பு இல்லை என்று திங்கட்கிழமை சொன்னார்கள், செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. பார்க்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் கிளாட்சன் டிரைவரோடு மேம்பால வேலை எப்போது முடியும் என்று பேசிக்கொண்டே வந்தார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கப்பலேறினார். மதினி ஒரு மாதம் சமைத்துப்போட்டார், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. டெல்பியிடம் தம்பி வரவில்லை என்று சொன்னோம். அவளும் சரி என்றாள்.

யாருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெரு முழுக்க வெடி. இன்று தண்ணீர் செலவில்லை.

அக்டோபர் 25, சனி

போனேன். காலையில் கோலப்பொடி வாங்குகிற மாதிரி சாதாரணமாகக் கிளம்பினேன். அப்படித்தான் என்னை ஏமாற்றிக் கூட்டிப்போக முடிந்தது.

முதலில் டின்களைப் பற்றிச் சொன்னேன். செண்பகவல்லி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. விடுதியில் அவளும் அதே நீல டின்னில்தான் சீயக்காய்த்தூள் வைத்திருக்கிறாளாம். அன்றைக்கே சந்தேகப்பட்டாளாம், ஹாஜிரா வீட்டு டின்னில் என்ன இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்று சொல்கிற பிள்ளைக்கு, அடுத்தவர் அறிவு வேறு என்று தெரியாமல் இருக்குமா என்று. "இந்தத் தாள்ல அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லக்கா, அதான் ஓரத்துல எழுதி வச்சேன்," என்றாள். அன்று அவள் சிரித்ததை இரக்கம் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

பிறகு மற்றதையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

டெல்பியிடம் தானே கேட்க வேண்டும் என்றாள். இந்தத் தடவை நானும் பாயில் உட்கார்ந்தேன். ஹாஜிரா விழுந்தபோது ஏன் குழாயைத் திறந்தாய் என்று கேட்டாள். டெல்பி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கண்ணை, வாயை, மறுபடி கண்ணை. சொல்லலாமா என்று என் முகத்தில் தேடுகிறாள். மூன்று மாதமாக என் ரகசியத்தை இந்தச் சின்ன உருவம் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போய்வந்திருக்கிறது. "சொல்லு மக்கா," என்றேன்.

"அழுதா யாருக்கும் கேக்கக்கூடாது. கேட்டா பாவம், வெக்கமா இருக்கும். ஹாஜிராவுக்குக் குழாய் எட்டாது. அதான் நான் தெறந்தேன்."

"பக்கத்துல போய் உக்காந்திருக்கலாம்லா?"

டெல்பி தலையாட்டினாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "பக்கத்துல போகக்கூடாது மிஸ். வெளியதான் நிக்கணும்."

காதுக்குப் பின்னால் அந்த இடத்தில் என் பிள்ளை எனக்காக ஒரு அறை கட்டி வைத்திருக்கிறாள். அதற்கு வெளியே தன்னைக் காவலும் வைத்திருக்கிறாள். காவல் நிற்கச் சொல்லிக்கொடுத்தது நான்.

தாளில் இப்படி எழுதியிருக்கிறது: பிறர் உணர்வை அறிவதில் குறைபாடு இல்லை, வீட்டில் கண்டதை வைத்து உதவ முயல்கிறாள், இதே வகுப்பில் தொடரலாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கவும். கீழே ஒரு வரி: தாய்க்கு ஆலோசனை தேவை. அந்த வரியை வேண்டுமானால் தனித் தாளில் தருகிறேன் என்றாள். இதிலேயே இருக்கட்டும் என்றேன். நான் எப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. புதன்கிழமை என்னைத் தனியாக வரச்சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

தாளைப் பிரிஸ்கா டீச்சரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். படித்துவிட்டு டெல்பியைக் கூப்பிட்டு, அவள் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டார்.

சாயங்காலம் கிளாட்சன் பேசினார். கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது, சிக்னல் இருக்கிறது. தாளை முழுசாகப் படித்துக் காட்டினேன், கடைசி வரி வரைக்கும். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை, விநாடி ஓடிக்கொண்டிருந்தது. பழைய லீமாவாக இருந்தால், கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார் என்று இங்கே எழுதியிருப்பேன். இன்று காத்திருந்தேன்.

"நீ அந்தப் பேச்சே வேண்டாம்னு இருக்கன்னு நெனச்சேன்," என்றார். "நீ உள்ள போய் தண்ணியத் தெறப்ப. நான் கட்டில்ல உக்காந்திருப்பேன். என்ன செய்யணும்னு தெரியல லீமா."

ஆட்டோவில் பேசியதைக் கேட்டேன். எந்த மேம்பாலம் என்றார். உண்மையிலேயே ஞாபகம் இல்லை. தன் வாய் என்ன பேசியது என்றே அவருக்குத் தெரியவில்லை.

பிறகு, அக்காவிடம் கேள் என்றார். இடம் அவளுக்குத் தெரியும் என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். நேற்றே மதினி மாமியார் கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்திருந்தார். காலையில் படியில் ஏறிவந்து, உள்ளே வராமல், வாசலில் நின்று பூக்கூடையைக் கை மாற்றிக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைய எங்க அம்மா காலடியிலதான் வச்சிருக்கோம். என் தம்பியும் நானுந்தான் கொண்டுபோனோம். நீ கேப்பன்னு தெனமும் பாத்தேன். நீ கேக்கல. கேக்காதவகிட்ட எப்படிச் சொல்ல? தண்ணிய வேற அப்படித் தெறந்து விடுத. கீழ எனக்குச் சோறு எறங்குமா?"

"கேக்குமா மதினி?"

"போடி இவளே. குழாய்ச் சத்தத்துக்கும் அழுகைச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கேன்."

மூவரும் போனோம். தூறல். கல்லறைத் தோட்டம் முழுக்க சாமந்தியும் மெழுகுவர்த்தியும் ஈர மண்ணுமாக ஒரே வாசம். மழைத்திரைக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வெளிச்சங்கள் மிதப்பதுபோல இருந்தன. ஊரே அங்கே இருந்தது. மதினி மாமியார் கல்லறையின் கால்பக்கத்தைக் காட்டினார். மண்ணில் ஒரு சாண் அகலத்துக்குக் கடற்சிப்பி பதித்திருந்தது. பெயர் இல்லை. பக்கத்தில் பழைய மெழுகுக் கறை. யாரோ முன்பே வந்து ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மதினியைப் பார்த்தேன். பூவைப் பிரிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை நாளும் கோபம் என்று நான் நினைத்திருந்த திருப்பல் அதுதான்.

குத்தவைத்து உட்கார்ந்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினேன். மூன்றாவது தீக்குச்சியைக் கிழிக்கும்போது கை நின்றுவிட்டது. அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது. இங்கே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள இடம் இல்லை.

டெல்பி இரண்டு கல்லறை தள்ளி, தன் சின்ன மஞ்சள் குடைக்குள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். குழாய் தூரத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"டெல்பி, இங்க வா," என்றேன். "பக்கத்துல வரலாம்."

ஓடிவரவில்லை. யோசித்து யோசித்து வந்தாள். வந்து குடையைத் தன் தலையிலிருந்து இறக்கி, ஆட்கள் நிற்கும் பக்கமாகச் சாய்த்து, என் தலையையும் தோளையும் மூடிப் பிடித்தாள். மஞ்சள் வெளிச்சம் எங்கள்மேல் விழுந்தது. அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"இப்ப அழும்மா. வெளிய தெரியாது."

அழுதேன். சத்தமாகவே அழுதேன். ஜூலையில் அழ வேண்டியதையும் சேர்த்து. அவள் குடையை எடுக்கவில்லை.

குடை சின்னது. அவள் முதுகு முழுக்க வெளியே நனைந்துகொண்டிருந்தது. முகம் மட்டும் என்னோடு உள்ளே இருந்தது.